இரண்டாம் சூடு

கத்திக்குப் பல் விழுந்துவிட்டது என்று ஹோட்டலிலிருந்து போன் வந்தபோது டிகிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பாதித் தட்டில் கையை உதறிவிட்டு எழுந்தாள்.

"என்னவாம்?" என்றாள் அம்மா.

"நாம குடுத்த கத்தி வாய் பெயர்ந்துபோச்சாம். பெயர்ந்த துண்டு மீனுக்குள்ள கிடந்துச்சாம். பரிமாறப் போற நேரத்துல யாரோ பார்த்திருக்காங்க."

அம்மா மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எதற்கும் ஒன்பது கேள்வி கேட்கிற அம்மா ஏன் கேட்கவில்லை என்று அப்போதே டிகிரி யோசித்திருக்க வேண்டும். ஆனால் கோபம் வந்தால் அவளுக்குக் காது அடைத்துவிடும், கண்ணும் அதோடு சேர்ந்துகொள்ளும்.

டிகிரி என்பது தெரு வைத்த பெயர். அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் கால் அவளுடையது. உலோகவியல் படித்தாள். படித்து முடித்ததும் ஒரு கம்பெனியில் ஃபேனுக்குக் கீழே உட்கார வைத்தார்கள். அங்கே அவளுக்கு மேலே இருந்தவனுக்கு எஃகுக்கும் தகரத்துக்கும் வித்தியாசம் தெரியாது. மீட்டிங் நடுவில் அவளிடம் டீ எடுத்துவரச் சொல்ல மட்டும் தெரியும். அவள் ஏதாவது கேட்டால், "உனக்குப் புரியாதும்மா" என்பான். ஒருநாள் டீயைக் கொண்டுவந்து அவனுடைய லேப்டாப் மூடி மேலேயே வைத்துவிட்டு வெளியே வந்தாள். திரும்பப் போகவில்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் உலை வைத்தாள்.

"படிச்ச படிப்புக்கு ஃபேன் காத்து வாங்கலாம். இவ நெருப்புக் காத்து வாங்குறா," என்று பெரியப்பா போகிற இடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அவருக்கு வேறு வேலை இல்லை. வேலை இருந்திருந்தாலும் இதைத்தான் செய்திருப்பார்.

கொட்டகையில் வேலை இரண்டாகப் பிரிந்திருந்தது. எஃகு மகளுக்கு, மரம் அம்மாவுக்கு. அம்மா பாதி ஆயுளை மரச்சாமான் கடையில் உப்புத்தாள் வைத்துத் தேய்த்தே கழித்தவள். கத்தி கேட்டு வருகிறவர்களின் கையில் அவள் ஒரு உருண்டை களிமண்ணைக் கொடுத்து, "வெட்டுற மாதிரி பிடிங்க," என்பாள். விரல்கள் பதிந்த பள்ளங்களைத் தடவிப் பார்த்து, அந்தக் கைக்கு மட்டும் பொருந்துகிற பிடியை மரத்தில் இழைத்து எடுப்பாள். வேறு யார் அந்தக் கத்தியை எடுத்தாலும் அடுத்தவர் செருப்பில் காலை விட்டது போலிருக்கும்.

எல்லாம் சரி, அதுவரை அவர்கள் கத்தியை வாங்கியவர்கள் பாதிப் பேர் அதைச் சுவரில் மாட்டி வைத்தார்கள். மீதிப் பேர் பரிசுப் பெட்டியில் போட்டு அடுத்தவருக்குக் கொடுத்தார்கள். அந்தக் கத்திகள் ஒரு வெங்காயத்தைக்கூடப் பார்த்ததில்லை. அதனால்தான் பெரிய ஹோட்டலின் செஃப் அவளைக் கூப்பிட்டு, என் சமையலறையில் ஒவ்வொருத்தர் கைக்கும் ஒரு கத்தி வேண்டும், முதலில் ஒன்று கொடு, மீன் வெட்டுகிற இடத்தில் அது தாக்குப்பிடித்தால் மற்றதைப் பேசுவோம் என்றபோது, அவள் வீட்டுக்கு நடந்தா வந்தாள், பறந்தா வந்தாள் என்று அவளுக்கே தெரியாது. ஒரு சமையலறை முழுக்க அவள் கத்தியால் வெட்டினால் அவள் கத்தி செய்கிறவள். இல்லையென்றால் நல்ல வேலையை விட்டுவிட்டுக் கொட்டகையில் விளையாடிக்கொண்டிருக்கிறவள். பெரியப்பா சொன்னதுதான் சரி என்றாகிவிடும். 

ஹோட்டலின் பின்வாசல் வழியாக அவள் உள்ளே நுழைந்தபோது மதிய வேலை முடிந்து தரையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். செஃப் ஒல்லியான மனிதர். இரண்டு முன்கைகளிலும் சூட்டுத் தழும்புகள் ஏணிப்படி மாதிரி வரிசையாக இருக்கும். அவர் பக்கத்தில் கொள்முதல் மேனேஜர், கழுத்தில் அட்டை தொங்க, சிந்திய தண்ணீர் ஷூவில் படாமல் நின்றுகொண்டிருந்தார். கத்தியைப் பயன்படுத்தியவள், அங்கே மீன் வெட்டுகிற மீன் அக்கா, கையைத் துடைத்தபடி முறைத்துக்கொண்டிருந்தாள்.

வணக்கம் கூடச் சொல்லாமல் டிகிரி ஆரம்பித்தாள்.

"பாத்திரம் கழுவுற மெஷின்ல போட்டீங்களா?"

"போடல," என்றாள் மீன் அக்கா.

"உறைஞ்ச எலும்ப வெட்டினீங்களா?"

"ஏம்மா, நான் கத்தி பிடிச்சப்ப நீ பால்புட்டி கூடப் பிடிச்சிருக்க மாட்ட. உறைஞ்சதுக்கு வேற கத்தி இருக்குன்னு எனக்கு நீ சொல்லித் தரணுமா?"

"அப்ப டின்னு கிண்ணு திறந்திருப்பீங்க."

மீன் அக்காவின் முகம் சிவந்தது. "என் பல்லால டின்ன திறந்தாலும் திறப்பேன், அந்தக் கத்தியால திறக்க மாட்டேன். தினம் வேலை முடிஞ்சா கழுவி, ஈரம் போகத் துடைச்சு, ஒரு சொட்டு எண்ணெய் தடவி, துணியில சுத்தி வச்சுட்டுத்தான் போறேன். என் புருஷனுக்குக்கூட நான் இவ்வளவு செஞ்சதில்ல."

பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள். மேனேஜர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "இதுக்குத்தான் நான் முதல்லயே சொன்னேன் செஃப். வீட்டுல உக்காந்து பொம்பளைங்க செய்யுறது தையல் வரைக்கும் சரி."

"நீங்க கையெழுத்துப் போடுறது வரைக்கும் சரி சார்," என்றாள் டிகிரி. "எஃகப் பத்தி நீங்க பேசாதீங்க."

"சண்டை அப்புறம்," என்றார் செஃப். "நல்ல கத்தின்னு சொல்ல ஆயிரம் பேர் வருவான். ஏன் கெட்டுச்சுன்னு சொல்லு. அதுக்குத்தான் கூப்பிட்டேன்." கத்தியை எடுத்து அவள் முன்னால் மேஜையில் வைத்தார்.

கூர் ஓடுகிற வாயில் இரண்டு இடத்தில் பிறை போலப் பெயர்ந்திருந்தது. அவள் குனிந்து பார்த்தாள். முரட்டுத்தனமாகப் புழங்கிய கத்தி முதலில் வளையும், மடங்கும், பிறகுதான் உடையும். இதில் வளைந்த தடமே இல்லை. கண்ணாடித் தம்ளர் விளிம்பு உடைந்தது போலச் சட்டென்று போயிருந்தது. அவள் பையிலிருந்து ஒரு சின்ன அரத்தை எடுத்துக் கத்தியின் ஓரத்தில் இழுத்தாள். சரியான கத்தியாக இருந்தால் அரம் கொஞ்சமாவது, மனசில்லாமலாவது, கடித்துப் பிடிக்கும். இங்கே அது கிறீச்சென்று வழுக்கிக்கொண்டு ஓடியது. இன்னொரு தடவை இழுத்தாள். இன்னொரு தடவையும் வழுக்கியது.

அவள் அரத்தை மேஜையில் வைத்தாள்.

எஃகைச் சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் தோய்த்தால் அது கல்லாக இறுகும். இறுகுவதோடு விட்டால் கண்ணாடிதான், தட்டினால் போய்விடும். அதனால் தோய்த்த கத்தியை ஒரு சின்ன ஓவனில் மிதமான சூட்டில் வைத்து, ஆறவிட்டு, மறுபடியும் வைப்பாள். கொட்டகையில் அதற்கு ரெண்டாஞ்சூடு என்று பெயர். முதல் சூடு கத்திக்குத் திமிரைக் கொடுக்கும். இரண்டாம் சூடு அதில் கொஞ்சத்தைக் கழித்துப் பொறுமையைக் கொடுக்கும். மேஜையில் கிடந்த கத்தி இரண்டாம் சூட்டைப் பார்த்ததே இல்லை. அரம் பொய் சொல்லாது.

அவள் எதை மறந்தாலும் இதை மறக்கமாட்டாள். ஒவ்வொரு தடவை கத்திகளைக் காய்ச்சும்போதும் இரண்டாம் சூடு இல்லாமல் விடுவது ஒரே ஒரு கத்தியைத்தான். எண்ணெயிலிருந்து முதலில் வருகிற கத்தி. அது விற்பதற்கில்லை, உடைப்பதற்கு. வைஸ் என்கிற இரும்புக் கவ்வியில் கடிக்க வைத்து, சுத்தியலால் ஒரே போடு போட்டு, உடைந்த முகத்தைப் பார்ப்பாள். உள்ளே சாம்பல் மாதிரி நைசாக இருந்தால் மற்ற எல்லாம் நல்ல எஃகு. சர்க்கரை மாதிரி மினுங்கினால் மொத்தமும் குப்பைக்கு. இந்தத் தடவையும் உடைத்தாள். சாம்பல் மாதிரிதான் இருந்தது. அவள் கையாலேயே உடைத்த கத்தி எப்படி மீன் அக்கா கைக்கு வரும்?

"என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்றார் செஃப்.

"ஒரு நாள் குடுங்க. கத்திய எடுத்துட்டுப் போறேன்."

"கத்தி இங்கதான் இருக்கும். நாளைக்கு நீ வா. ஆனா வேற கத்தி கொண்டுவராத. பத்து செஞ்சு அதுல நல்லதா ஒண்ணப் பொறுக்கி எடுத்துட்டு வர எவனுக்கும் தெரியும். இந்தக் கத்திய நான் நம்புற மாதிரி செய்."

"நாளைக்குச் சாயங்காலம் நான் கம்பெனியில செஞ்ச பெட்டிக் கத்திக்கு ஆர்டர் போட்டுடுவேன்," என்றார் மேனேஜர், ஷூவைப் பார்த்துக்கொண்டே.

வீட்டுக்கு வந்ததும் அவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் கொட்டகைக்குள் போய் கழிவு வாளியைத் தரையில் கவிழ்த்தாள். உடைந்த இரண்டு துண்டும் கிடைத்தன. அவற்றைச் சேர்த்து மேஜை மேல் வைத்துக் குனிந்து பார்த்தாள். கத்தி இடுப்பில் கோணிக்கொண்டு நின்றது. முந்தைய தடவை எண்ணெயில் விழுந்தபோது வளைந்துபோனதால் அவள் ஒதுக்கித் தூக்கிப் போட்ட கத்தி அது. அவள் உடைக்க வைத்திருந்ததோ நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. அவள் செய்ததிலேயே அழகானது.

அம்மா மூலையில் உட்கார்ந்து ஒரு பிடியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. உப்புத்தாள் மட்டும் வழக்கத்தைவிட வேகமாக ஓடியது.

"அம்மா. இது எப்படி இங்க வந்துச்சு?"

"எது?"

"நீ பாக்காமயே எதுன்னு கேக்குற பாரு, அது."

உப்புத்தாள் நின்றது. "கோணல ஒடச்சா என்ன, நேரானத ஒடச்சா என்ன? ஒடைக்கத்தான போற."

"மாத்தி வச்சியா?"

"வச்சேன்." அம்மா பிடியைக் கீழே வைத்தாள். "எவளாவது முதல்ல பொறந்தத, அதுவும் லட்சணமா பொறந்தத, சுத்தியலால அடிச்சுப் போடுவாளா? நீ ஒவ்வொரு தடவையும் போடுற. எனக்கு ஒவ்வொரு தடவையும் இங்க வலிக்குது. கிழிஞ்ச துணியில மிதியடி தச்சு, உடைஞ்ச நாற்காலியில ஸ்டூல் செஞ்சு உன்னப் படிக்க வச்சேன். எனக்கு ஒடைக்கத் தெரியாதுடி."

"அதுக்கு? பிடி போட்டு ஹோட்டலுக்கு அனுப்புவியா?"

"கத்தி வாங்க ஆள் வந்தப்ப நீ இல்ல. பெரிய இடத்துக்குப் போகுது, இருக்கிறதுல நல்லது போகட்டுமேன்னு அதுக்கே கூர் தீட்டிப் பிடி போட்டு வச்சிருந்தேன், அதக் குடுத்தேன். நீ சொன்ன கத்தி பீரோவுலதான் இருக்கு, பிடி போடாம, துணியில சுத்தி."

"அது ரெண்டாஞ்சூட்டுக்குப் போகலம்மா!"

"எண்ணெய் காயத்தான அந்த ஓவன்? நான் துணி போட்டு நல்லா அழுத்தித் துடைச்சேனே."

டிகிரி கத்துவதற்காக வாயைத் திறந்தாள்.  ஓவன் எதற்கு என்று அம்மா முன்பு ஒருதடவை கேட்டிருந்தாள். அவசரத்தில் இவள் சொன்ன பதில் ஞாபகம் வந்தது. "உனக்குப் புரியாதும்மா." லேப்டாப் மேல் டீயை வைத்துவிட்டு வந்தாளே, அந்த ஆள் சொன்ன அதே வார்த்தை. குரல்கூட அதேதான்.

"நான் உடைச்சப்ப எப்படித் தெரியாம போச்சு?" என்றாள், சுருதி இறங்கி. "இவ்வளவு கோணலா இருக்கு."

"நீ எங்க பார்த்த? போனத் தோள்ல இடுக்கிக்கிட்டு உன் பெரியப்பாகிட்ட கத்திக்கிட்டே ஒடச்ச. நான் வாசல்லயேதான் நின்னேன். கண்டுபிடிச்சா குடுத்துடுவோம்னு. நீ கையில இருந்தது என்னன்னே பாக்கல."

டிகிரி தரையில் உட்கார்ந்தாள். வாளியிலிருந்து கொட்டிய இரும்புத் தூளுக்கு நடுவிலேயே உட்கார்ந்தாள். பிறகு அம்மாவுக்கு இரண்டாம் சூடு என்றால் என்ன என்று முதல் தடவையாகச் சொன்னாள். ஒரு ஆங்கில வார்த்தை இல்லாமல், முதலிலிருந்து கடைசி வரை. அம்மா குறுக்கே ஒன்பது கேள்வி கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள்.

"அடி வாங்கின பிள்ள மாதிரி," என்றாள் அம்மா கடைசியில். "வெறைச்சுக்கிட்டு நிக்கும். தடவிக் குடுத்தாத்தான் நெகிழும்."

"அதேதான்."

"இப்பத் தடவிக் குடுத்தா நெகிழாதா?"

"நெகிழும். எப்ப வேணாலும் போடலாம். அதுக்கு வேண்டியது ஒரு ஓவன்தான். ஹோட்டல்ல ரொட்டி சுடுறாங்க, அந்தச் சூடு போதும். ஆனா..." அவள் அம்மாவின் கைகளைப் பார்த்தாள். "பிடியோட வைக்க முடியாது. மரம் தாங்காது, பசையும் தாங்காது. பிடிய உடைச்சு எடுக்கணும்."

மீன் அக்காவின் கை பதிந்த களிமண்ணை டிகிரி கொண்டுவந்து கொடுக்க, அம்மா நாள்கணக்கில் இழைத்த பிடி அது. மரத்தின் வரி அப்படியே உள்ளங்கையை ஒட்டி வளைந்து போகும். அம்மா அதைச் செய்து முடித்ததும் தானே ஒரு மணி நேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

அம்மா உப்புத்தாளை மடித்து வைத்தாள். "நாளைக்கு நானும் வரேன்."

மறுநாள் சமையலறையில் மதிய வேலை அடங்கியதும் எல்லோரும் ஏதோ ஒரு சாக்கில் மீன் மேஜையைச் சுற்றியே நின்றார்கள். கேரட் சீவுகிறவர் கேரட்டோடு அங்கே வந்திருந்தார்.

"தப்பு எங்க பட்டறையோடது," என்றாள் டிகிரி. வருகிற வழியெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு ஒத்திகை பார்த்த வாக்கியம். "இந்தக் கத்திக்குச் செய்ய வேண்டிய ஒரு சூடு செய்யல. உடைக்க வச்சிருந்த கத்தி இது. மாறி வந்துடுச்சு. விசாரிக்காம உங்க மேல பழி போட்டேன். மன்னிச்சிடுங்கக்கா."

"மன்னிச்சேன்," என்றாள் மீன் அக்கா. "ஆனா டின்னுன்னு சொன்ன பாரு. அத மட்டும் சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"பட்டறைன்னு சொல்லி மூடி மறைக்கிறா," என்றாள் அம்மா. பழக்கமில்லாத இடத்தில் அவள் குரல் கொஞ்சம் உரக்கவே வந்தது. "மாத்தி வச்சது நான். இவ அம்மா."

மேனேஜர் கையைத் தட்டிக்கொண்டார். "அவங்களே ஒத்துக்கிட்டாங்க. முடிஞ்சுது கதை."

"இருங்க சார்," என்றார் செஃப். "சாமான் சப்ளை பண்றவங்க தப்பு எங்களோடதுன்னு சொல்லி நான் இன்னிக்குத்தான் கேக்குறேன். காதுக்குப் புதுசா இருக்கு. கொஞ்ச நேரம் கேட்டுக்கிறேன்." அவள் பக்கம் திரும்பினார். "சரி, இப்ப என்ன பண்ணப் போற?"

"உங்க ரொட்டி ஓவன் வேணும்."

ரொட்டி அண்ணன் மாவுக் கையோடு முன்னால் வந்தார். "என் ஓவன்ல இரும்பா? ஏங்க, இது என்ன ஓவனா, கருமான் பட்டறையா?"

"ரெண்டும் ஒண்ணுதான் அண்ணே. நீங்க மாவுக்குச் செய்யுறத நான் இதுக்குச் செய்யுறேன். சூடு ஒரே சீரா இருக்குமா?"

ஓவனைப் பற்றிக் கேட்டதும் அவர் முகம் மாறியது. "வலது பக்கம் பின்மூலையில தீய்க்கும். நடுவுக்குக் கொஞ்சம் இடது பக்கமா வை. முள்ளு காட்டுறத நம்பாத, அது பொய் சொல்லும். நான் பார்த்துச் சொல்றேன்."

அம்மா பையிலிருந்து கை டிரில்லை எடுத்தாள். பிடியைக் கோத்திருந்த பித்தளை ஆணிகளை ஒவ்வொன்றாகத் துளைத்து நீக்கினாள். உளியின் முனையை மரமும் எஃகும் சேர்ந்த கோட்டில் வைத்தாள். சுத்தியலை ஓங்கினாள், ஓங்கிய கை காற்றில் நின்றது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தன் பிடியை அவள் ஒருதடவை கட்டைவிரலால் தடவினாள். பிறகு ஒரே போடு. பிடி இரண்டாகப் பிளந்து ஒரு பாதி தரையில் உருண்டது. மீன் அக்கா தன்னையறியாமல் "ஐயோ" என்றாள். அம்மா இரண்டு பாதிகளையும் பொறுக்கிப் பையில் போட்டாள். பசையைச் சுரண்டி, கத்தியை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவித் துடைத்து, மகளிடம் நீட்டினாள்.

"இந்தா. இனி உன் வேலை."

ஓவன் கதவு மூடியது. உள்ளே விளக்கு வெளிச்சத்தில் வெறும் கத்தி, ரொட்டித் தட்டின் மேல் அனாதை மாதிரிக் கிடந்தது. முதலில் ஒன்றுமே நடக்கவில்லை. மேனேஜர், "இன்னிக்கு மெனுவுல கத்தி ரொட்டியா?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார். அவரோடு யாரும் சேர்ந்து சிரிக்கவில்லை, எல்லோரும் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெள்ளி மாதிரி இருந்த எஃகின் மேல், முனையிலிருந்து, மூச்சுப் பட்டது போல ஒரு நிறம் படரத் தொடங்கியது. வெளிறிய மஞ்சள். அது மெல்ல முதுகுப் பக்கம் ஏறி, காய்ந்த வைக்கோல் நிறத்தில் நின்றது.

"இந்த நிறம்தான்," என்றாள் டிகிரி. "இதத் தாண்டி ஊதாவுக்குப் போனா மென்மையாயிடும். கூர் நிக்காது."

"தாண்டாது," என்றார் ரொட்டி அண்ணன். சூட்டுக் குமிழில் இருந்து அவர் கையை எடுக்கவே இல்லை. தான் சுட்ட ரொட்டியைப் பார்க்கிற கண்ணோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

வேண்டிய நேரம் வைத்து எடுத்தார்கள். ஆறவிட்டு மறுபடி வைத்தார்கள். இரண்டாம் தடவையும் அவர் குமிழை விட்டு நகரவில்லை. மேஜையில் பொங்கிக்கொண்டிருந்த மாவை அவர் மறந்தே போனார்.

பிடி இல்லாத கத்தியின் வாலில் துணியைச் சுற்றிக்கொண்டு டிகிரி தீட்டுகல்லின் முன் உட்கார்ந்தாள். பெயர்ந்த பள்ளங்கள் மறைகிற வரை வாயை மொத்தமாகத் தேய்த்து உள்ளே கொண்டுபோக வேண்டும். கல்லில் தண்ணீர் விட்டு, ஒரே சாய்வில், முன்னும் பின்னும். நேற்று வழுக்கிய எஃகு இன்று கல்லுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக இசைந்து கொடுத்தது. அந்த வித்தியாசத்தை அவள் விரல்நுனி முதலில் தெரிந்துகொண்டது. அப்போதே அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் அவளுக்குத் தெரிந்தால் போதாதே.

பையிலிருந்து ஒரு பித்தளைக் கம்பியை எடுத்து மேஜையில் படுக்க வைத்தாள். "செஃப், கிட்ட வாங்க. வெளிச்சத்துல பாருங்க."

கத்தியின் வாயைக் கம்பி மேல் சாய்த்து அழுத்தி இழுத்தாள். கம்பி தொட்ட இடத்தில் கூரான விளிம்பு மெல்லிய அலை போல வளைந்து, கம்பி கடந்து போனதும் நேராகத் திரும்பியது. முனை வரை அந்த அலை ஓடியது. அவள் கத்தியை விளக்குக்கு நேராக நிமிர்த்திப் பிடித்தாள். பெயர்ந்த வாய் வெளிச்சத்தில் மினுங்கும். ஒரு மினுக்கமும் இல்லை.

"பதம் பத்தலன்னா இப்ப உடைஞ்சிருக்கும். பதம் தப்பியிருந்தா வளைஞ்சது வளைஞ்சபடியே நின்னிருக்கும். இது வளைஞ்சு திரும்புது."

செஃப் அவள் கையிலிருந்து வாங்கித் தானே ஒருதடவை இழுத்துப் பார்த்தார். இன்னொருதடவை இழுத்தார். மூன்றாவது தடவை பார்க்க ஒன்றுமில்லை, ஆசைக்காக இழுத்தார்.

"கம்பிய வெட்டவா நாம கத்தி வாங்குறோம்?" என்றார் மேனேஜர்.

"கொண்டாங்க இப்படி," என்றாள் மீன் அக்கா. ஒரு பெரிய மீனை இழுத்துப் பலகையில் போட்டாள். நேற்று எந்த இடத்தில் வாய் பெயர்ந்ததோ அதே இடம், தலைக்குக் கீழே, தண்டெலும்பு தொடங்குகிற கணு. துணி சுற்றிய கத்தி வாலை இறுக்கிப் பிடித்து உள்ளே இறக்கினாள். கத்தி எலும்பைத் தேடிப் போய், கண்டுபிடித்து, மூட்டின் நடுவே புகுந்து மறுபக்கம் வந்தது. அவள் நிறுத்தவில்லை. தண்டெலும்பை ஒட்டி வால் வரை ஒரே இழுப்பு. சதை புத்தகப் பக்கம் போலத் திரும்பி விழுந்தது. அடுத்த மீன். அதற்கடுத்தது. இரவு விருந்துக்கு வந்திருந்த மொத்த மீனையும் அவள் வெட்டித் தள்ளினாள். யாரும் அவளை வெட்டச் சொல்லவில்லை, நிறுத்தவும் சொல்லவில்லை. கடைசியில் கத்தியைக் கழுவித் துடைத்து விளக்குக்கு நேராகப் பிடித்தாள். எல்லாத் தலைகளும் குனிந்தன.

மினுக்கமே இல்லை.

"என் கைக்கு இந்தக் கத்திதான்," என்றாள் மீன் அக்கா. "வேற யாராவது தொட்டீங்க, அடுத்து பலகையில நீங்கதான்."

சமையலறையில் கைதட்டல் எழுந்தது. கேரட்காரர் கேரட்டால் பலகையைத் தட்டினார். டிகிரி திரும்பி நின்று தீட்டுகல்லைத் துடைக்க ஆரம்பித்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை. சாதாரணமாக அவளுக்குக் கண் கலங்குவது கோபத்தில்தான். இது எந்தக் கணக்கு என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"எல்லாருக்கும் ஒண்ணு," என்றார் செஃப். "எனக்கு ரெண்டு."

"செஃப், கத்திக்குப் பிடியே இல்ல," என்றார் மேனேஜர், கடைசி ஆயுதத்தை எடுத்தது போல.

"அதுக்குத்தான் இந்தம்மா இருக்காங்களே."

அம்மா பைக்குள் தேடினாள். உளி கொண்டுவந்திருந்தாள், டிரில் கொண்டுவந்திருந்தாள், களிமண் கொண்டுவரவில்லை. கை அளவு எடுக்கிற அளவுக்கு நம்பிக்கையோடு அவள் வீட்டைவிட்டுக் கிளம்பவில்லை. சுற்றிப் பார்த்தாள். ரொட்டி அண்ணனின் மேஜையில் வெள்ளையாக, மெத்தென்று, ஒரு மலை மாவு.

"அண்ணே, அதுல கொஞ்சம்..."

"அது வேணாம்மா, ஈஸ்ட் போட்டது. நீங்க வீடு போய்ச் சேருறதுக்குள்ள பொங்கி எல்லார் கையும் யானைக்காலாயிடும். இருங்க, ஈஸ்ட் இல்லாம பிசைஞ்சு தரேன்."

வரிசை நின்றது. ஒவ்வொருவராக வந்து மாவு உருண்டையை வெட்டுகிற மாதிரிப் பிடித்தார்கள். அம்மா ஒவ்வொரு பள்ளத்தையும் தடவிப் பார்த்தாள். "நீங்க ரொம்ப இறுக்கிப் பிடிக்கிறீங்க தம்பி, சாயங்காலமானா தோள் வலிக்குமே?" என்றாள். வலிக்கும் என்று அவர் அசந்துபோய்த் தலையாட்டினார். "உங்களுக்கு நொட்டாங்கையா? முன்னாடியே சொல்ல வேணாமா, பிடிய அந்தப் பக்கம் திருப்பணும்," என்றாள் இன்னொருத்தியிடம். இதுவரை யாரும் கேட்டதில்லை என்றாள் அவள். செஃப் கட்டைவிரலைக் கத்தியின் முதுகில் வைத்துப் பிடிக்கிறவர். "யார் சொல்லிக் குடுத்தது இப்படி?" என்று அம்மா கேட்க, மொத்தச் சமையலறையும் ஓசைப்படாமல் சிரித்தது.

மேனேஜர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். டிகிரி ஒரு உருண்டையை எடுத்துக்கொண்டு அவரிடம் போனாள்.

"பிடிங்க சார்."

"எனக்கெதுக்கு? நான் என்ன வெட்டப் போறேன்?"

"பேனாவுக்கு ஒரு பிடி செஞ்சு தரோம். ஆர்டர்ல கையெழுத்துப் போட வசதியா இருக்கும்."

அவர் செஃபைப் பார்த்தார். செஃப் மீனைப் பார்த்தார். மேனேஜர் பேனாவை எடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் அம்மா, கைகள் பதிந்த மாவு உருண்டைகளை ஒரு ரொட்டித் தட்டில் அடுக்கி மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். பிரேக் போடும்போதெல்லாம் இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டாள். பிளந்த பிடியின் இரண்டு பாதிகளும் அவள் பையில் இருந்தன. அதைத் தூக்கிப்போட மாட்டாள் என்று டிகிரிக்குத் தெரியும். எதிலாவது ஒட்டவைப்பாள். கதவுக் கொண்டியாகவாவது ஆக்குவாள்.

"இனிமே முதல் கத்திய மாத்தி வைக்க மாட்டியே?" என்று கேட்டாள்.

"மாட்டேன். ஆனா அத நான்தான் உடைப்பேன்."

"நீயா? உனக்குத்தான் உடைக்கத் தெரியாதே."

"இன்னிக்குக் கத்துக்கிட்டேன்ல," என்றாள் அம்மா. "உன்கிட்ட விட முடியாது. நீ பாக்காம உடைக்கிற."